ஆறு மணிக் கணக்கு

ஜெயிலில் வேலை என்று சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனி வந்த புதிது. தெற்கத்திப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மாட்டுக் கொட்டகைக்கெல்லாம் ஷீட் போட்டு ஒரு அறைக்குப் பத்துப் பேர் என்று விட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போய் நின்ற எனக்கு மட்டும் இடமில்லை. "எங்க வேலை செய்றீங்க?" என்பார்கள். சொன்னதும் வீட்டுக்காரம்மா முகம் மாறும். "ஐயே, ஜெயிலா? வெள்ளிக்கெழம அதுவுமா..." என்று உள்ளே போய்விடுவாள். உள்ளே இருப்பவன் குற்றம் செய்து இருக்கிறான், நான் என்னம்மா குற்றம் செய்தேன் என்று கத்தத் தோன்றும். இரண்டு வீட்டு வாசலில் கத்தியும் இருக்கிறேன்.

நான் ஒரு கிளைச் சிறையில் தலைமைக் காவலராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பெங்களூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நான்கு கொட்டடிகள், ஒரு வேப்ப மரம், ஒரு கிணறு. விசாரணைக் கைதிகள் நாற்பது பேர் சுமாருக்கு இருப்பார்கள். பெரிய குற்றவாளி எவனும் எங்களிடம் வரமாட்டான். பைக் திருடன், சாராயம் விற்றவன், வரப்புத் தகராறில் மண்டையை உடைத்தவன், இப்படித்தான். கம்பெனிகள் வந்த பிறகு, கேட் முன்னால் சத்தம் போட்டுப் பிடிபட்ட காண்ட்ராக்ட் தொழிலாளிகளும் வர ஆரம்பித்தார்கள்.

வீடு கிடைக்காத அந்த எரிச்சலில்தான் சங்கத்தில் சேர்ந்தேன். சிறைப் பணியாளர்களுக்கான தொழில்முறைச் சங்கம். 'லாப நோக்கமற்றது' என்று லெட்டர்பேடின் தலையிலேயே அச்சடித்திருக்கும். எங்களுக்கு ஏது லாபம் என்று நாங்களே சிரித்துக்கொள்வோம். ஒரு டயர் கடைக்கு மேலே வாடகை அறை. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். கோஷம் போடுகிற சங்கம் இல்லை அது, சீருடை போட்டவன் கோஷம் போடக் கூடாது. புதிதாகச் சேருகிற காவலர்களுக்குப் பயிற்சி, கண் பரிசோதனை முகாம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி மடல். செத்துப்போன உறுப்பினர் வீட்டுக்கு மாலையோடு போய் நிற்போம். மழைக் கோட்டு வாங்கித் தந்தது சங்கம். நாள் முழுக்க நின்று வீங்கிப்போன கால்களுக்கு ஸ்டூல் வாங்கித் தந்ததும் சங்கம்தான். தலைவர் ஓய்வு பெற்ற ஜெயிலர், நிதானமாகப் பேசுவார். "நாம வார்டர் இல்ல, சீர்திருத்தப் பணியாளர்" என்று அவர் முதல் கூட்டத்தில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நன்றியை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

அந்த மடலில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். கணக்கெடுப்பு பற்றி. சிறையில் எல்லாம் கணக்குதான். காலை ஆறு மணிக்குக் கொட்டடி திறந்ததும் ஒரு தடவை, மாலை அடைக்கும்போது ஒரு தடவை ஆட்களை எண்ண வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து எண்ணுவோம். உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவனை எழுப்பமாட்டார்கள். போர்வைக்கு வெளியே தெரியும் காலை லத்தி நுனியால் தொட்டு எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாச் சிறையிலும் பார்த்த பழக்கம் அது. அந்தப் பழக்கத்தைத்தான் கிழித்து எழுதினேன். 'படுத்திருப்பவரை எழுப்புங்கள். அவர் வாய் திறந்து தன் பெயரைச் சொல்லி, உள்ளேன் ஐயா என்று சொன்ன பிறகே எண்ணுங்கள். கால்களை எண்ணுவது கணக்கல்ல.' கடைசி வரியைத் தலைவர் பெரிய எழுத்தில் போட்டார். வேலூரில் இருந்தெல்லாம் கடிதம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மடல் வந்து நாலைந்து மாதம் இருக்கும். காலை ஐந்தே முக்காலுக்கு நான் போனபோது இரவுப் பணியாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என் சிநேகிதர், சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டவரே அவர்தான். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது.

"நாலாம் நம்பர்ல ஒருத்தன் ராத்திரி பூரா வயித்து வலி வயித்து வலின்னு தட்டத் தட்டிக்கினே இருந்தான்பா. தலையே வெடிச்சிடும் போல கீது. இப்பதான், ஒரு நாலு மணிக்கு அடங்கினான்."

"சூப்பிரண்டுக்குப் போன் போடலியா?"

"போன மாசம் ஒருத்தனுக்குப் போட்டேன், அவன் நடிச்சிட்டான், எனக்கு மெமோ குடுத்தாங்க. மறந்துட்டியா? சாவி என்னாண்ட இல்ல. நான் ஒண்டி ஆளு. இன்னா பண்ணச் சொல்றே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ராத்திரி சாவி சூப்பிரண்டு வீட்டில் இருக்கும். கொட்டடியைத் திறக்க இரண்டு காவலர்கள் வேண்டும், இருந்தது ஒருவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆயுதப்படையிலிருந்து எஸ்கார்ட் வர வேண்டும். இரவுக்கு இரண்டாவது ஆள் கொடுங்கள் என்று சங்கம் மூன்று வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தது. அந்த மனுக்களை எழுதியவனும் நானே.

ஆறு மணிக்கு எண்ணினேன். நாலாவது கொட்டடியில் ஒரு பைக் திருடன் சுவரில் சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருந்தான், தலைக்குக் கீழே மடித்த வேட்டி. "இப்பதான் சார் கண்ணசந்தான், எழுப்பாதீங்க" என்றான் திருடன். பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். போர்வைக்கு வெளியே இரண்டு கால் தெரிந்தது. லத்தி நுனியால் தொட்டேன். நாற்பத்தொன்று. பதிவேட்டில் 'நாற்பத்தொன்று, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரவுப் பணியாளர் டீ குடிக்கப் போனார்.

ஏழு மணிக்குக் கஞ்சி வந்தது. திருடன் அவனை எழுப்பப் போய் அலறினான்.

கணக்கு சரிதான். நாற்பத்தொன்றில் ஒன்று பிணம், அவ்வளவுதான். லத்திக்குச் சூடு தெரியுமா, குளிர் தெரியுமா? நான் குனிந்து கையால் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்ன மகராசன் குனியவில்லை.

அந்த ஆள் தென்காசிப் பக்கத்துக்காரர். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திய அன்று கேட்டில் நடந்த தள்ளுமுள்ளில் ஒரு ஜீப்புக் கண்ணாடி உடைந்தது. இவர் உடைத்தாரோ எவன் உடைத்தானோ, பதினைந்து நாள் ரிமாண்ட். இருபத்தெட்டு வயது. ஊரில் மனைவியும் மூன்று வயதுப் பிள்ளையும். குடல் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "ராத்திரியே கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பான்யா. உசுரு போயி ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும்" என்று வாயால் சொன்னார். காகிதத்தில் 'அதிகாலையில்' என்று மட்டும் எழுதினார்.

காவலில் மரணம் என்றால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. இரவுப் பணியாளரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போய்விடும், வழக்குகூட வரும் என்றார்கள். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது.

டயர் கடை மாடியில் சங்கம் அவசரமாகக் கூடியது. ஆறே பேர். கீழே டயரைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் என் முன்னால் செய்தி மடலை எடுத்து வைத்தார்.

"இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமாம் சார்."

"அப்ப அன்னிக்குக் காலையில அவரை எழுப்பியிருப்பீங்க. பேர் சொல்ல வெச்சிருப்பீங்க. உள்ளேன் ஐயான்னு சொல்லியிருப்பார். அப்புறம்தான் சரின்னு எழுதியிருப்பீங்க. ஆறு மணிக்கு நல்லா இருந்த ஆளு, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல திடீர்னு போயிட்டார். ராத்திரி டூட்டிக்கு இதுல என்ன சம்பந்தம்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சார், ரெண்டாவது ஆள் வேணும்னு மூணு வருஷமா எழுதறோம். எதுக்கு வேணும்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி இருக்கு? ஒத்தை ஆளா நின்னார், சாவி இல்லை, போன் போட்டா மெமோ. நடந்ததை அப்படியே சொல்வோம். தப்பு இவர் மேலயா, ஏற்பாட்டு மேலயான்னு அவங்களே பார்க்கட்டும்" என்று கத்தினேன்.

தலைவர் கோபப்படவில்லை. "அது மனு, இது விசாரணை. மனுவுல உண்மையைச் சொல்லலாம்" என்றார்.

இரவுப் பணியாளர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னிடம் கெஞ்சவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "உனுக்கு எது சரின்னு படுதோ சொல்லுப்பா" என்று மட்டும் சொன்னார். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் அவருக்காக மட்டும் இல்லை. பிணத்தை எண்ணி 'சரி' என்று போட்ட கையெழுத்து என்னுடையது. அது வெளியே தெரிந்தால் காறித் துப்புவார்கள் என்ற பயமும் சேர்ந்துதான் நான் தலையாட்டினேன்.

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. அதற்குள் அந்த பைக் திருடனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். யார் ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. இரவுப் பணியாளருக்கு வேறு நாள் கொடுத்திருந்தார்கள். எழுப்பினேன், பெயரைச் சொன்னார், உள்ளேன் ஐயா என்றார் என்று சொன்னேன். செய்தி மடலையும் தலைவர் ஃபைலில் வைத்துக் கொடுத்திருந்தார். கோட்டாட்சியர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

வெளியே வந்தால் வராந்தாவில் இறந்தவரின் மனைவி. பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் நழுவப் பார்த்தேன், விடவில்லை.

"ஐயா, நீங்கதான காலையில அவியள எழுப்புனது?"

"ஆமாம்மா."

"பேசுனாவளா?"

"பேசினார்."

"என்ன சொன்னாவ?"

"பேரைச் சொல்லிட்டு, உள்ளேன் ஐயான்னு சொன்னார்."

அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப ராத்திரி வலியில கெடக்கல. தூங்கித்தான் எந்திச்சிருக்காவ. என்ன ஐயா?"

"தூங்கினார்மா. நல்லா தூங்கினார்."

பிள்ளையைத் தோளில் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மட்டும் நெற்றிவரை தூக்கி எனக்கு வணக்கம் வைத்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன், ஒரு ஆட்டோவும் கண்ணில் படவில்லை என்று வீட்டில் பொய் சொன்னேன்.

'பணியில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தது. இரவுப் பணியாளர் மறுபடி வேலையில் சேர்ந்தார். அன்று சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, போய் முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன். இரண்டாவது இரவுக் காவலர் வேண்டும் என்ற எங்கள் மனு அடுத்த மாதமே திரும்பி வந்தது. அண்மையில் நடந்த விசாரணையில் இப்போதுள்ள ஏற்பாடு போதுமானது என்றே தெரியவந்துள்ளது, ஆகவே பரிசீலிக்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, "அடுத்த வருஷம் மறுபடி போடலாம்" என்றார். அவர் சொன்னபடியே போட்டோம், அதுவும் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் நான் மடலுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் காலைக் கணக்கில் ஒருவனையும் படுக்க விட்டதில்லை. காய்ச்சலோ கருமமோ, தோளைப் பிடித்து உலுக்கி உட்கார வைத்துப் பேர் சொல்ல வைப்பேன். கைதிகள் என்னைச் சபிப்பார்கள். ஒருநாள் ஒருவன், "செத்தா பூட்டோம்? சும்மா வுடு சார்" என்றான். கணக்கை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டேன்.

ஐந்தாறு வருஷம் ஓடியது. ஒரகடம் பக்கம் வயலெல்லாம் கம்பிவேலி ஆகிவிட்டிருந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'பணிக்காலம் முழுவதும் ஒரு நாளும் கணக்குத் தப்பாதவர்' என்று அதில் பொறித்திருந்தது. தலைவர் மைக்கில் என் பழைய கட்டுரையிலிருந்து அந்தக் கடைசி வரியை வாசித்தார். கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தேன். இடப்பக்கத்து இலையில் இரவுப் பணியாளர், சர்க்கரை வியாதியில் பாதியாகி இருந்தார். சாம்பார் முடிந்து ரசவாளியோடு ஒரு பெண் வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றவள் நகரவில்லை.

"ஐயா, என்னத் தெரியுதா?"

தெரிந்தது. முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது, ஆனால் தெரிந்தது.

"இங்கனதான் இருக்கேன் ஐயா. ஊருல மச்சினன் வீட்டுல வச்சிக்கிட மாட்டேன்னுட்டாவ. ஒரகடத்துல கம்பெனிப் பிள்ளையளுக்குச் சமைக்கிற மெஸ்ஸுல வேல பாக்கேன். விசேசம்னா இப்பிடிப் பரிமாறவும் வருவேன். பையன் மூணாப்புப் படிக்கான்." வாளியைக் கீழே வைத்தாள். "மேடையில உங்களப் பாத்ததும் கும்பிடணும்போல இருந்துச்சி. உங்கட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"கேளும்மா" என்றேன்.

"போன வருசம் ஒருத்தன் எங்க மெஸ்ஸத் தேடிக்கிட்டு வந்தான். ஜெயில்ல அவிய கூட ஒரே அறையில கெடந்தவனாம், பைக்கு களவாங்குன பய. ராத்திரி பூரா வலியில தட்டத் தட்டிக்கிட்டே கெடந்தாவ, ஒருத்தரும் வரல, தல என் மடியிலதான் இருந்துச்சி, கடைசியில உன் பேரத்தான் சொல்லிச் சொல்லி அழுதாவன்னு சொல்லுதான். சொல்லிட்டு அவனும் அழுதான். எனக்கு வந்த கோவத்துக்கு வெளக்கமாத்த எடுத்துட்டேன் ஐயா. நாலு சாத்துச் சாத்தி, தெருவரைக்கும் வெரட்டிக்கிட்டே போனேன். ஜெயிலுக்குப் போன பய சொல்ல நம்பவா, உங்க சொல்ல நம்பவா? ஆனாலும் மனசு கெடந்து அடிக்கி."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அவன் சொன்னது பொய்தான ஐயா?"

இடப்பக்கத்து இலையில் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தபடி இருந்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு வரைக்கும் வந்தது, அதுவும் சத்தியம். அவர் அவள் பெயரைச் சொல்லித்தான் போனார் என்பது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். அதை நான் அவளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் கூடவே ராத்திரி முழுக்கத் தட்டிய தட்டையும் கொடுக்க வேண்டும், ஆறு மணிக்கு நான் தொட்ட இரண்டு கால்களையும் கொடுக்க வேண்டும். மடியில் கேடயம் கனத்தது.

"பொய்தாம்மா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். மூச்சை இழுத்து விட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். இரவுப் பணியாளரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஒங்களுக்கு ரசம் ஊத்தட்டுமா ஐயா?" என்று அவரிடம் கேட்டாள்.